“என்ஐஆரும் ராமனும் ஒரே மெஷின்ல” – ரூ.5,72,300 போச்சு, நீங்களாவது தப்பிச்சுக்கோங்க

பிளாஸ்டிக் ஸ்கிராப், ரீசைக்கிளிங் தொழில்ல இருக்கறவங்க ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்கிப் படிங்க. இ-வேஸ்ட் லாட் எடுக்கறவங்க கட்டாயம் படிங்க.

கையில பிடிச்சு வெச்சா எந்த வகை பிளாஸ்டிக்னு சொல்ற டிடெக்டர். என்ஐஆர், ராமன்னு ஒளியை வெச்சுக் கண்டுபிடிக்கற ரெண்டு முறையும் ஒரே மெஷின்ல இருக்குன்னு சொல்லி வித்தாங்க. விலை ரூ.4,85,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து ரூ.5,72,300. முழுப் பணமும் முன்னாடியே கட்டியாச்சு, வந்தது விளையாட்டுச் சாமான். தொழிற்சாலைகளுக்கு மெஷின் விக்கிற ஆன்லைன் சந்தை ஒண்ணுல, “வெரிஃபைட்” முத்திரை குத்தின கடை. பேர் போட வேண்டாம்னு வக்கீல் சொல்லிட்டார். வாங்கறதுக்கு முன்னாடி என்னென்ன செக் பண்ணணும்னு முழு லிஸ்ட் கடைசியில தர்றேன்.

ரெண்டு முறையைச் சேர்க்கறதே ஏமாத்து வேலைன்னு நினைச்சுடாதீங்க. யோசனை நல்ல யோசனைதான். என்ஐஆர்னா (நியர் இன்ஃப்ராரெட்) 900ல இருந்து 1700 நானோமீட்டர் வரைக்கும் உள்ள ஒளியை அடிச்சு, திரும்பி வர்றதுல எந்த அலைநீளம் குறையுதுன்னு பார்க்கறது. 1200க்குப் பக்கத்துலயும் 1650க்கு மேலயும் விழற பள்ளத்தை வெச்சு பிபி (பாலிபுரொப்பிலீன்), பாலிஎத்திலீன், பெட், பிவிசி எல்லாம் ஓரிரு நொடியில பிரிஞ்சுடும். ஆனா பிபில கலந்த சுண்ணாம்புத் தூளை அது பிடிக்காது. ராமன்னா லேசர் அடிச்சு, சிதறி வர்ற ஒளி எவ்வளவு மாறியிருக்குன்னு பார்க்கறது, அந்த மாற்றத்தோட அளவுதான் அலைஎண். 785 நானோமீட்டர் லேசர் அடிச்சா சுண்ணாம்பு அலைஎண் 1086ல தனியா நிக்கும். ஏபிஎஸ்ஸா ஹிப்ஸான்னு (ரெண்டும் டிவி, கம்ப்யூட்டர் பெட்டிகள்ல வர்ற பிளாஸ்டிக்) சந்தேகம் வந்தா, ரெண்டுலயும் ஸ்டைரீன் இருக்கறதால 1001 ரெண்டுலயும் வரும், ஆனா 2237 பக்கத்துல வர்ற நைட்ரைல் கோடு ஏபிஎஸ்ல மட்டும்தான். உப்புத் தண்ணியில போட்டு இதைப் பிரிக்க முடியாது, ரெண்டுக்கும் அடர்த்தி 1.04, 1.05னு ஒட்டிக்கிட்டு இருக்கும். அதனால ஒண்ணுக்குத் தெரியாததை இன்னொண்ணு சொல்லும்ங்கறது நிஜம். (அலைஎண் 2000 வரைக்கும்தான் அளக்கும்னு போட்டிருக்கற ராமன் கருவியில அந்த நைட்ரைல் கோடே வராது, அதையும் கவனிங்க.)

ரெண்டும் சேர்ந்தாலும் மாட்டிக்கிற இடம் கறுப்பு பிளாஸ்டிக். கார்பன் பிளாக் என்ஐஆர் ஒளியை முழுங்கிடும், திரும்பி எதுவும் வராது. ராமன் லேசர் பட்டா சூடேறிப் புகையும், கிடைக்கறது கார்பனோட ரெண்டு அகலமான மேடு மட்டும்தான். கறுப்புக்கு 3லிருந்து 5 மைக்ரோமீட்டர் வரைக்கும் போற நடு இன்ஃப்ராரெட் கருவி வேணும், அது வேற மெஷின், வேற விலை.

நம்பிக்கை வந்ததும் அந்தக் கறுப்புலதான். விக்கறவர் வீடியோ கால்ல கறுப்பு கீபோர்டு பட்டன் ஒண்ணை எடுத்து வெச்சார். “சார், கறுப்பை எவனும் பிடிக்க முடியாதும்பாங்க, நம்ம ஏஐ ரெண்டு சென்சாரையும் ஃபியூஸ் பண்ணிடும், பாருங்க.” ஸ்க்ரீன்ல ஏபிஎஸ், 98 சதவீதம். அடுத்து பச்சைத் தண்ணி பாட்டில், பெட். நீலப் பக்கெட், பிபி. வெள்ளைத் தயிர் கப், பாலிஸ்டைரீன். எல்லாமே சரி. எல்லாமே அவர் கைச் சாம்பிள். “ஆஃபர் இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான்”னு சொல்லி, ரூ.5,72,300ஐயும் அன்னிக்கே வாங்கிட்டார்.

மெஷின் வந்ததும் கறுப்பு கார் பேட்டரிப் பெட்டித் துண்டை வெச்சோம். அது பிபி, தண்ணியில மிதக்கும். மெஷின் சொன்னது ஏபிஎஸ், 98. பழைய டிவி கேபினெட், ஹிப்ஸ்னு தெரிஞ்ச சரக்கு: ஏபிஎஸ், 98. கறுப்பு ரப்பர் செருப்பு: ஏபிஎஸ், 98! நீல எச்டிபிஇ (பாலிஎத்திலீன்ல ஒரு வகை) டிரம் துண்டு வெச்சா பிபி. பச்சை பிவிசி ஓஸ் வெச்சா பெட். கலரைப் பார்த்துப் பேர் சொல்லுது, கிளி ஜோசியக்காரன் கிளி சீட்டு எடுக்கற மாதிரி. பிவிசியைப் பெட்னு நம்பிப் போட்டா என்ன ஆகும்னு தொழில்ல இருக்கறவங்களுக்குத் தெரியும்: 270 டிகிரிக்கு மேல ஓடற பெட் லைன்ல பிவிசி கருகி அமிலப் புகை விடும், மொத்த லாட்டும் பழுப்பாயிடும், ஸ்க்ரூவும் பாழ்.

ஸ்டிக்கருக்குக் கீழ இருந்த ஸ்க்ரூவைக் கழட்டிப் பார்த்தோம். என்ஐஆர்னு சொன்ன இடத்துல என்ஐஆர் ஒளி தர்ற டங்ஸ்டன் பல்பு இல்லை, அந்த ஒளியைப் பார்க்கற இன்காஸ் டிடெக்டரும் இல்லை. இருந்தது ஏஎஸ்7265எக்ஸ்னு சொல்ற 18 சேனல் சென்சார் போர்டு. 410ல இருந்து 940 நானோமீட்டர் வரைக்கும்தான் அதுக்குக் கண்ணு, சில ஆயிரம் ரூபாய்க்குப் பசங்க புராஜெக்ட்டுக்கு வாங்கற சாமான். அந்தச் சிப்புல குத்தம் இல்லை, அது செய்யறதா சொல்ற வேலையைச் செய்யுது. ஆனா அதுல இருக்கற மாதிரி சிலிக்கான் டிடெக்டர் 1100ஐத் தாண்டிப் பார்க்காது, பிளாஸ்டிக்கோட அடையாளமோ அதுக்கு அப்புறம்தான் பெருசா ஆரம்பிக்குது.

ராமன் பகுதி அதைவிடக் கேவலம். சிவப்பு லேசர் பாயிண்டர் மாட்யூல் ஒண்ணு, ரெண்டு ஒயர், நேரா பேட்டரிக்குப் போகுது. ராமனுக்கு லேசர் ஒளியைத் தடுக்கற ஃபில்டர் வேணும், ஒளியை அலைநீளமாப் பிரிக்கற கிரேட்டிங் வேணும், கேமரா சென்சார் வேணும். ஒண்ணுமே இல்லை. அந்தப் பக்கத்துல இருந்து பிராசஸருக்கு ஒரு டேட்டா ஒயர்கூடப் போகலை. சும்மா சிவப்பா எரியுது, ரூ.5,72,300க்கு.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. முதல்ல “காலிபரேஷன் பண்ணுங்க சார், வெள்ளைப் பேப்பர் வெச்சு.” வெள்ளை ரெஃபரன்ஸுக்கு நிஜக் கருவியில பிடிஎஃப்இ (டெஃப்லான்) தகடு கொடுப்பாங்கன்னு சொன்னதும், “ஃபர்ம்வேர் அப்டேட் வருது.” அப்புறம் “உங்க சாம்பிளை கூரியர்ல அனுப்புங்க, ஏஐக்கு டிரெயினிங் கொடுக்கறோம்.” ராமன் ஸ்பெக்ட்ரம் ஃபைலை மட்டும் அனுப்புங்கன்னு கேட்டோம். “அது கம்பெனி ரகசியம்.” உள்ள எடுத்த போட்டோவை அனுப்பினதும், “சீலை உடைச்சிட்டீங்க, வாரண்டி போச்சு.” அதோட வாட்ஸ்அப்ல ப்ளாக்.

பிளாட்ஃபார்ம்காரங்க அதுக்கு மேல. “நாங்க வாங்கறவரையும் விக்கறவரையும் இணைச்சு மட்டும்தான் விடறோம்.” ரிட்டர்ன் நாள் முடிஞ்சுதாம், ஃபர்ம்வேர் வருது வருதுன்னு இழுத்தது எதுக்குன்னு அப்பதான் புரிஞ்சுது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவோம்னா, “பிசினஸ் பர்ச்சேஸ், நீங்க நுகர்வோரே கிடையாது”ன்னு சட்டம் வேற பேசறாங்க. 2019 சட்டத்துல வியாபார நோக்கத்துக்கு வாங்கினா அப்படித்தான், சொந்தப் பிழைப்புக்காகத் தானே வேலை செய்யறவருக்கு மட்டும் விலக்கு இருக்கு. எங்க பில் நிறுவனப் பேர்ல, ஜிஎஸ்டி நம்பரோட.

லிஸ்ட் தர்றேன்னு சொன்னேன். எழுத உக்காந்தா திரும்பவும் அந்த ரூ.5,72,300தான் கண்ணு முன்னாடி வருது, வாய்க்கு வந்ததைச் சொல்லிடறேன். டெமோவுக்கு உங்க சாம்பிளை மட்டும் வைங்க: ஒரே பிபியை நாலு கலர்ல, கூடவே கறுப்பு பேட்டரிப் பெட்டித் துண்டு. கறுப்புக்கு நேர்மையான கருவி “தெரியலை”ன்னுதான் காட்டும், 98னு காட்டினா எழுந்து வந்துடுங்க. ரெண்டு சென்சாரோட ஸ்பெக்ட்ரத்தையும் தனித்தனியா, ஃபைலா கேளுங்க. சேர்த்த முடிவு மட்டும் காட்டறவன்கிட்ட வாங்காதீங்க. ராமன்னு சொன்னா ஒரு பாராசிட்டமால் மாத்திரையைக் காட்டுங்க, 858, 1168, 1324, 1648 பக்கத்துல கோடு வரணும். நிஜ ராமன் லேசர் பெரும்பாலும் கிளாஸ் 3பி, கண்ணைக் கெடுக்கற அளவு, அந்த லேசருக்கான பாதுகாப்புக் கண்ணாடி போடாம அந்தப் பக்கம் பார்க்காதீங்க. பணத்துல பாதியாவது உங்க இடத்துல டெஸ்ட் முடிஞ்ச பிறகுதான்னு பர்ச்சேஸ் ஆர்டர்லயே எழுதிடுங்க. பணம் போயிடுச்சுன்னு தெரிஞ்ச உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, ஃபர்ம்வேர் வரும்னு காத்திருக்காதீங்க. இதே மாதிரி சிவப்பு லைட் எரியற மெஷினை வாங்கினவங்க யாராவது இருந்தா பில்லோட மெசேஜ் பண்ணுங்க, சேர்ந்து புகார் கொடுக்கலாம்.