நர்ஸுங்களுக்கு ட்ரெய்னிங்: ஹால்லயா, மொபைல்லயா, வார்டுலயேவா?

ஆஸ்பத்திரில ட்ரெய்னிங்னாலே ரெண்டுதான், ஒண்ணு ஹால்ல உக்கார வெச்சு கிளாஸ், இல்லன்னா மொபைலுக்கு லிங்க் அனுப்பி ஆன்லைன் மாட்யூல். மூணாவதா ஒண்ணு இருக்கு, டூட்டி நடுவுலயே பத்து நிமிஷம் வார்டுல செஞ்சு காட்டி செய்ய வைக்கிறது. என் ஓட்டு மூணாவதுக்குத்தான், ஆனா எல்லாத்துக்கும் அது சரிப்படாது.

ஹால் கிளாஸோட பெரிய தலவலி ஆள் விடுறதுதான். நைட் டூட்டி முடிச்சு ஹேண்ட்ஓவர் குடுத்துட்டு நேரா வர்றவங்களுக்கு எத்தன ஸ்லைடு ஓட்டினாலும் மண்டைல ஏறாது, பகல் டூட்டில இருந்து அனுப்பினா வார்டுல ஆள் பத்தாது, கடைசில யார விட முடியுதோ அவங்கதான் வருவாங்க, யாருக்குத் தேவையோ அவங்க இல்ல. ஆனா நோயாளியோட சொந்தக்காரங்ககிட்ட கெட்ட சேதிய எப்படிப் பேசறதுங்கற மாதிரி விஷயத்துக்கு நாலு பேர் சேந்து உக்காந்தாத்தான் நடக்கும்.

மாட்யூல் புது கைட்லைன், மருந்து பத்தின விவரம் இதுக்கெல்லாம் நல்லது, மறந்தா திருப்பிப் பாத்துக்கலாம். ஆனா நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டிட்டே போயிடலாம், போஸ்ட் டெஸ்ட் விடை வாட்ஸ்அப் குரூப்ல சுத்தும், சர்டிஃபிகேட்டும் வந்துரும். பிரிட்டன்ல நர்ஸுங்க ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க 3 வருஷத்துக்கு 35 மணி நேரம் கத்துக்கணும், அதுல 20 மணி நேரமாவது மத்தவங்களோட சேந்து கத்துக்கிட்டதா இருக்கணும்னு சும்மா வெக்கல.

இப்ப சிபிஆர எடுத்துக்குங்க, அதாவது இதயம் நின்னவங்க நெஞ்ச அழுத்தி ரத்த ஓட்டத்தத் தக்க வைக்கறது. பெரியவங்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 அழுத்தம்னு கேட்டா எல்லாரும் கடகடன்னு சொல்லிருவாங்க, ஆனா கை அத மறந்துரும், அதுவும் சில மாசத்துலயே, ட்ரெய்னிங் முடிச்சதுக்குக் குடுக்கற கார்டு என்னமோ 2 வருஷத்துக்கு செல்லும். அதனால வருஷத்துக்கு ஒரு முழு நாள் கிளாஸவிட மூணு மாசத்துக்கு ஒருக்கா பொம்மைல பத்து நிமிஷம் அழுத்துறது எவ்வளவோ மேல்.

ஹெப்பாரின் (ரத்தம் உறையாம இருக்கப் போடறது), இன்சுலின் மாதிரி மருந்த ரெண்டு பேர் சரிபாக்கற டபுள் செக்கும் இப்படித்தான். ரெண்டாவது சிஸ்டர் மொத ஆள் போட்ட கணக்கப் பாக்காம தானே தனியா போட்டுப் பாக்கணும். நடக்கறது என்ன, "சிஸ்டர், இது ரெண்டர மில்லிதான?", "ஆமா ஆமா", கையெழுத்து. கிளாஸ்ல கேட்டா சரியாத்தான் சொல்லுவாங்க, மருந்து ட்ரேகிட்ட பக்கத்துல நின்னு பாத்தாத்தான் அது பிடிபடும்.

வார்டு முறைல ஓட்டையும் இருக்கு. கூட்டம் ஏறிட்டா மொதல்ல கேன்சல் ஆகறது இதுதான், சொல்லிக் குடுக்கற சீனியர்கிட்ட தப்புப் பழக்கம் இருந்தா அதுவும் சேந்தே ஜூனியருக்குப் போகும்.

சரி, எத சொல்லிக் குடுக்கணும்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ஃபார்ம் குடுத்துக் கேட்டா ஈசிஜி, வென்டிலேட்டர்னு எழுதுவாங்க, எனக்கு கை கழுவறதுல ட்ரெய்னிங் வேணும்னு யாரு எழுதுவா? வார்டுல நடந்த தப்ப எழுதி வெக்கற இன்சிடென்ட் ரிப்போர்ட் பாத்தா உண்மை தெரியும், ஆனா ரிப்போர்ட் எழுதினவங்களுக்கே மெமோ குடுக்கற எடத்துல அந்த ஃபைல் காலியாத்தான் கெடக்கும். ரெண்டையும் வெச்சுக்கிட்டு வார்டுல நேர்லயும் ஒரு தரம் பாத்துடறது நல்லது.

மாசத்துக்கு ஒரு மணி நேரம்தான் கெடைக்கும்னா நான் நாப்பது நிமிஷத்த வார்டுக்கும் மீதிய மாட்யூலுக்கும் குடுப்பேன், ஹால வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ பேச்சு, விவாதத்துக்கு மட்டும் வெச்சுக்கலாம். எதுவா இருந்தாலும் டூட்டி நேரத்துலயே நடக்கணும், ஆஃப் நாள்ல கூப்பிட்டா நானும் வரமாட்டேன்.