மேட்டூர் கரியா, களப்பால் வாயுவா, வரப்போரச் சூரியனா?

குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்க ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச்சோடு போர் கொட்டகைக்குப் போனவர்களுக்குத் தெரியும்: கரண்ட் எங்கே உற்பத்தியாகிறது என்பது நமக்கு ரெண்டாம்பட்சம், எத்தனை மணிக்கு வருகிறது என்பதுதான் கணக்கு. பழைய அனல்மின் நிலையங்களை மூடலாமா என்ற பேச்சையும் அந்த மணிக்கணக்கை வைத்தே பார்க்கிறேன்.

முதலில் மேட்டூர். அங்கே தலா 210 மெகாவாட்டில் நான்கு பழைய யூனிட்டுகள், மொத்தம் 840. 1987க்கும் 1990க்கும் இடையில் வந்தவை. (2013இல் வந்த 600 மெகாவாட் யூனிட் தனி.) தமிழ்நாட்டில் பழுப்பு நிலக்கரி உண்டு, மேட்டூருக்கு வேண்டிய கருப்பு நிலக்கரி கிடையாது. ஒடிசாவில் வெட்டி, பாரதீப்பில் கப்பலேற்றி, எண்ணூரில் இறக்கி, அப்புறம் சரக்கு ரயிலில் மேட்டூருக்குக் கொண்டுபோகிறார்கள். கொதிகலனுக்குத் தண்ணீர் நம் காவிரியிலிருந்துதான். புகை, சாம்பல் எல்லாம் இருந்தும் அதற்கு ஒரு பலம் உண்டு. சாயங்காலம் ஏழு மணிக்குச் சூரியன் போனபின் வீட்டுக்கு வீடு விளக்கும் ஃபேனும் ஓடும்போது தாங்கிப்பிடிப்பது இந்த மாதிரி நிலையங்கள்தான். ஆனால் இப்போது பகலில் சோலார் பெருகியதால் மதியம் உற்பத்தியைக் குறை, சாயங்காலம் ஏற்று என்று இவற்றை ஆட்டிவைக்கிறார்கள். ஒரே சீராக ஓடுவதற்கென்று கட்டிய பாய்லர் அது. தினமும் சூடேறி ஆறினால் குழாய்கள் விரியும், சுருங்கும், ஒருநாள் ஓட்டை விழும். யூனிட் நின்றுவிட்டால் மறுபடி கிளம்பப் பல மணி நேரம் ஆகும்.

எரிவாயு நம் டெல்டா மண்ணிலேயே இருக்கிறது. அதில் ஓடும் மின் நிலையங்கள் மன்னார்குடிப் பக்கம் கோவில்களப்பாலில் சுமார் 108 மெகாவாட், குத்தாலத்தில் 101. வேகமாகக் கிளம்பும், சாம்பல் கிடையாது. ஆனால் ரெண்டையும் கூட்டிப் பாருங்கள், மேட்டூரின் ஒரே ஒரு பழைய யூனிட்டுக்குத்தான் சமம். பெருக்க வேண்டுமென்றால் புதுக் கிணறு தோண்ட வேண்டும். எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை எதிர்த்த கதிராமங்கலம் போராட்டத்தைப் பார்த்த பிறகு, டெல்டாவில் புதுக் கிணறுகளைத் தடுக்கும் 2020இன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் வந்த பிறகு, அந்தப் பேச்சுக்கு இடமில்லை. சரி, அதை விடுவோம்.

சூரிய பம்பு நம் பயிர்க் காலண்டருக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனி, ஆடியில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் தேவைப்படும்போது வெயில் கொளுத்தும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடும்போது நமக்குத் தண்ணீரை வடிக்கிற வேலைதான் இருக்கும். ராத்திரி பாம்புக்குப் பயந்து நடக்க வேண்டாம். விலையில் பொதுவாக மத்திய அரசு 30 விழுக்காடும் மாநில அரசு 30 விழுக்காடும் தருகின்றன. இடிக்கிற இடம் மீதி 40. ஏற்கெனவே இலவச மின்சாரத்தில் மோட்டார் ஓட்டுகிறவர் அந்தப் பணத்தை எதிலிருந்து எடுப்பார்? மிச்சப்படுத்த பில்லே இல்லையே! இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பவருக்குத்தான் இது லாபம். வேதாரண்யம் பக்கம் பல இடங்களில் நிலத்தடி நீரே உப்பு என்பதால் அங்கே எந்த பம்பு வைத்தும் பெரிய பயனில்லை.

பெரிய சோலார் பண்ணை வேறு கதை. ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். நஞ்சையில் பேனல் நடுவதை நான் ஒப்பமாட்டேன். தரிசு எங்கே இருக்கிறதோ அங்கே போகட்டும்.

காற்றாலையை மறந்துவிடக்கூடாது. ஆரல்வாய்மொழியில் மே முதல் செப்டம்பர் வரை அடிக்கும் காற்று குறுவைக் காலத்தோடு ஒத்துப்போகிறது. சம்பாவுக்கு அது உதவாது.

ஆக, மோட்டாருக்குச் சூரியன், சாயங்கால விளக்குக்குக் கொஞ்ச காலம் பழைய மேட்டூர். நீலகிரி குந்தாவில் கட்டிவரும், தண்ணீரை மேலே ஏற்றிவைத்து வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் 500 மெகாவாட் நீரேற்று நிலையம் மாதிரி பகல் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் ஏற்பாடு போதுமான அளவு வரும்வரை பழைய யூனிட்டுகளை ஓட்டலாம். அந்தச் சாக்கில் புதுச் சுரங்கம் வேண்டாம். 2023இல் நம் டெல்டாவில் ஒரத்தநாடு வட்டத்து வடசேரியையே பழுப்பு நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரலில் எடுத்தார்கள்.

என் மைத்துனர் இணைப்புக்குக் காத்திருந்து அலுத்துப்போய்ப் போன வருஷம் சூரிய பம்பு போட்டுவிட்டார். என்னிடம் இலவச இணைப்பு இருக்கிறது. இன்னும் டார்ச்சோடுதான் போகிறேன்.