பாதிப் பேச்சில் 4ஜி போனால்: மணிமுத்தாறு ரோட்டில் எந்த வழி தாங்கும்?

அம்பாசமுத்திரம் பக்கம் எந்த சிம் வாங்கலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு கம்பெனி பேரைச் சொல்வார்கள். வீட்டுத் திண்ணையில் எத்தனை கோடு நிற்கிறது என்பதை வைத்துச் சொல்வது அது. ஓடும் பஸ்ஸில் பேசுகிறவருக்கு அந்தக் கணக்கு பாதிதான் உதவும். 4ஜி எட்டாத இடம் வந்ததும் பேச்சு அறுபடாமல் 2ஜிக்கு எப்படி இறங்குகிறது என்பதில்தான் மீதி இருக்கிறது. அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. நம்மூர் ரோட்டுக்கு எது சரிப்படும் என்று பார்ப்போம்.

ஒரே தரத்துக்குள், அதாவது 2ஜிக்குள்ளேயோ 4ஜிக்குள்ளேயோ, டவர் மாறுவது பெரிய காரியமில்லை. 2ஜி போன் பேசிக்கொண்டிருக்கும்போதே சுற்றியுள்ள டவர்களை அளந்து, பலமான ஆறு டவர்களின் கணக்கை அரை விநாடிக்கு ஒரு தடவை அனுப்பிக்கொண்டே இருக்கும். எப்போது, எந்த டவருக்கு மாற்றுவது என்பதை நெட்வொர்க் முடிவு செய்யும். 4ஜிக்குள் மாறும்போது ஏற்படும் இடைவெளி இன்னும் சின்னது, காதுக்கே எட்டாது. நெல்லையிலிருந்து செங்கோட்டை ரயிலில் பேசிக்கொண்டே போனால் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஊருக்கு ஊர் டவர் மாறுவது யாருக்கும் தெரிவதில்லை.

தரமே மாறும்போதுதான் வில்லங்கம். 4ஜியில் குரல் சின்னச் சின்ன டேட்டா பாக்கெட்டாகப் போகிறது. 2ஜியில் உங்கள் பேச்சுக்கென்று ஒரு தடம் ஒதுக்கப்படுகிறது. டவரில் உள்ள ரேடியோவோடு போகாமல் பின்னால் இருக்கும் எக்ஸ்சேஞ்சும் வேறாகிவிடுகிறது. பழைய சிடிஎம்ஏ போனில் இரண்டு டவரை ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கைமாறும் வசதி இருந்தது. இங்கே அது நடக்காது. ஒன்றை விட்டுவிட்டுத்தான் இன்னொன்றைப் பிடிக்க வேண்டும்.

இதற்கான முதல் வழி சிஎஸ்எஃப்பி. போன் சும்மா இருக்கும்போது 4ஜியில் இருக்கும். கால் வந்தாலோ நாம் போட்டாலோ, மணி அடிக்கும் முன்பே 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கிவிடும். அதனால் நம்பரை அழுத்திவிட்டுச் சில விநாடி வெறும் அமைதியைக் கேட்க வேண்டியிருக்கும். 2ஜிக்கு இறங்கினால் பேசி முடிக்கும்வரை நெட் அநேகமாக நின்றுவிடும். குரலும் சன்னமாக இருக்கும். ஆனால் அதில் ஒரு நல்லது உண்டு. மாற்றம் பேச்சு தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. அதன்பின் 2ஜிக்குள் நடக்கும் டவர் மாற்றம் மட்டும்தான். அது பல வருஷமாகப் பழகிப்போன வேலை.

இரண்டாவது வோல்ட்டியும் அதற்குத் துணையான எஸ்ஆர்விசிசியும். வோல்ட்டியில் கால் 4ஜி மீதே போகும். சட்டென்று மணி அடிக்கும், குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்கும். 4ஜி மங்கினால், நடக்கிற பேச்சையே தூக்கி 2ஜியில் வைப்பதுதான் எஸ்ஆர்விசிசி. சொல்வதற்குச் சுலபம். செய்வதற்கு எத்தனை கை வேண்டும் பாருங்கள்.

சிக்னல் ஒரு அளவுக்குக் கீழே போனதும், 2ஜி டவர் எதுவும் தெரிகிறதா பார் என்று 4ஜி டவர் போனுக்குச் சொல்லும். பேச்சை நிறுத்திவிட்டுத் தேட முடியாது. அதனால் 40 அல்லது 80 மில்லிவிநாடிக்கு ஒரு முறை கிடைக்கும் 6 மில்லிவிநாடி இடுக்கில்தான் எட்டிப் பார்க்க வேண்டும். அப்படித் துண்டு துண்டாகத் தேடி ஒரு 2ஜி டவரை அடையாளம் கண்டு தகவல் கொடுக்கும். அப்புறம் 4ஜியின் கட்டுப்பாட்டுப் பெட்டி 2ஜி எக்ஸ்சேஞ்சிடம் தடம் கேட்கும். அந்த எக்ஸ்சேஞ்ச், இதற்கென்றே வைத்திருக்கும் ஒரு சிறப்பு எண்ணுக்குக் கால் போட்டு, எதிர்முனையில் இருப்பவரின் இணைப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். இத்தனையும் முடியும்வரை 4ஜி இழை அறாமல் இருக்க வேண்டும். கடைசியில் குரல் நிற்கிற நேரம் 0.3 விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு. சரியாக நடந்தால், நிறைவாகக் கேட்ட குரல் திடீரென்று ஒடுங்கி, பழைய டெலிபோன் குரல்போல ஆகும். வோல்ட்டியின் அகலமான ஒலி சுமார் 7,000 ஹெர்ட்ஸ் வரை போகும், 2ஜியில் பெரும்பாலும் 3,400 ஹெர்ட்ஸோடு சரி. அடுத்த தடவை பஸ்ஸில் கவனித்துப் பாருங்கள், இறங்கிய இடம் காதிலேயே தெரியும்.

ஆக எல்லாம் சிக்னல் எவ்வளவு வேகமாக விழுகிறது என்பதைப் பொறுத்தது. நாங்குநேரி தாண்டி வள்ளியூர், பணகுடி என்று நால்வழிச் சாலையில் போனால் வெட்டவெளி. சிக்னல் படிப்படியாகத்தான் மங்கும், போனுக்குத் தேட அவகாசம் கிடைக்கும். அங்கே வோல்ட்டியை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது யோசனை வேண்டாம். மேற்கே கதை வேறு. மணிமுத்தாறு சோதனைச்சாவடி தாண்டி மாஞ்சோலை ரோட்டில் ஏறினால், ஒரு வளைவில் அணையும் சமவெளியும் கீழே விரிந்து கிடக்கும், சிக்னலும் முழுசாக நிற்கும். அடுத்த திருப்பத்தில் பாறை மறைத்துவிடும். போன் 6 மில்லிவிநாடி இடுக்கில் தேடி முடிப்பதற்குள் 4ஜி போயே போய்விடும். மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டில் ஆள் இருந்த காலத்தில் ஒரு நாள் அந்த பஸ்ஸில், என் கால் இரண்டாவது வளைவிலேயே கட் ஆகிவிட்டது. முன்சீட்டில் ஒரு அம்மா பட்டன் போனில், “எய்யா, கேக்குதா? அரிசி வாங்கிட்டேன்” என்று இன்னும் இரண்டு வளைவு பேசிக்கொண்டு வந்தார். அது 2ஜி மட்டும் தெரிந்த போன். தரம் மாற வேண்டிய வேலையே அதற்கு இல்லை.

எஸ்ஆர்விசிசிக்கு இன்னும் இரண்டு குறை. மணி அடித்துக்கொண்டிருக்கும்போது மாற வேண்டி வந்தால் அதற்குத் தனி வசதி வேண்டும். நெட்வொர்க்கில் அது இல்லையென்றால் எடுக்கும் முன்பே கால் போய்விடும். பெரும்பாலும் இது ஒருவழிப் பாதையும்கூட. 2ஜிக்கு இறங்கிய கால், பாபநாசம் வந்து 4ஜி கொட்டிக் கிடந்தாலும், பேசி முடிக்கும்வரை மேலே ஏறாது.

இறங்க 2ஜியே இல்லாத கம்பெனியும் உண்டு. 2016 செப்டம்பரில் 4ஜியோடு வந்த ஜியோ தொடக்கத்திலிருந்தே 2ஜியோ 3ஜியோ வைத்துக்கொள்ளவில்லை. நன்றாகப் பரவும் 850 மெகாஹெர்ட்ஸ் அலையைத் தாங்கலாக வைத்து, 4ஜிக்குள்ளேயே அலைவரிசை மாற்றிச் சமாளிக்கிறது. அந்த எல்லைக்குள் இருக்கும்வரை தரம் மாறும் தொல்லை கிடையாது என்பதால் பேச்சு சுத்தமாக இருக்கும். எல்லை முடிந்தால் பேச்சும் முடியும்.

டவருக்குப் பதில் வைஃபை வழியாகக் கால் பேசும் வைஃபை காலிங் ரோட்டுக்கானது அல்ல, வீட்டுக்கானது. கல்லிடைக்குறிச்சியின் பழைய கனத்த சுவர் வீடுகளில் இரண்டாம் கட்டுக்குள் போனால் சிக்னல் செத்துவிடும். அங்கே இது வரம்தான். பேசிக்கொண்டே வாசலுக்கு வந்தால் வோல்ட்டிக்கு மாறிக்கொள்ளும். பின்னால் இருப்பது ஒரே பிணையம், போனின் ஐபி முகவரியும் மாறாது. வாசலில் 2ஜி மட்டும்தான் என்றால் அநேகமாகக் கட் ஆகும். செத்துக்கொண்டிருக்கும் வைஃபையைப் போன் விடாமல் பிடித்துக்கொள்ளும் அந்த நடைவழித் தூரம்தான் எரிச்சல்.

5ஜி பற்றி இந்த விஷயத்தில் அதிகம் பேச ஒன்றுமில்லை. 4ஜியை ஒட்டி ஓடும் 5ஜியில் குரல் 4ஜியில்தான் போகிறது. தனித்து நிற்கும் 5ஜியில் கால் நேரே 5ஜி மீது போகும், இல்லாவிட்டால் தொடக்கத்திலேயே 4ஜிக்கு இறங்கும். 5ஜியிலிருந்து ஒரே தாவில் 2ஜிக்குப் பேச்சை மாற்ற 5ஜியின் விதிமுறையிலேயே வழி வைக்கவில்லை.

என் யோசனை: மலைக்குப் போகிறவர் 2ஜி உள்ள கம்பெனி சிம் ஒன்று வைத்துக்கொள்ளட்டும். சோதனைச்சாவடியில் வண்டி நிற்கும்போது அந்த சிம்மின் நெட்வொர்க் வகையை 2ஜி மட்டும் என்று மாற்றிவிடலாம். நெட் பேருக்குத்தான் இருக்கும், பேச்சு அறாமல் நிற்கும். டவரே எட்டாத மேல் வளைவுகளில் இதுவும் ஒன்றும் செய்யாது. புது ஆண்ட்ராய்டு போன் பலவற்றில் 2ஜியை அனுமதிப்பதா என்று ஒரு சுவிட்ச் உண்டு, ஆண்ட்ராய்டு 12-லிருந்து வந்தது. பாதுகாப்புக்காக அதை அணைத்து வைத்திருந்தால் எஸ்ஆர்விசிசிக்கும் இறங்க இடம் இருக்காது, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். 2ஜி மட்டும் என்ற தேர்வு இல்லாத போனில் வோல்ட்டியை அணைக்கலாம், அது சிஎஸ்எஃப்பிக்குப் போய்விடும். எந்த சிம்முக்கு அணைக்கிறோம் என்று மட்டும் கவனம் வேண்டும். 2ஜியோ 3ஜியோ இல்லாத கம்பெனி சிம்மில் வோல்ட்டியை அணைத்தால் திருநெல்வேலி ஜங்ஷனில் நின்றாலும் கால் போகாது.