டெம்போ டிராவலர் தரைக்கு இன்சுலேஷன் போட்டு ரெண்டு வருஷம், போன வாரம் பேத்துப் பாத்தாச்சு

போன வாரம் மாப்ள ஒருத்தன் போன் பண்ணி, "டேய் நானும் வேன் எடுத்துட்டேன், தரைக்கு இன்சுலேஷன் போடட்டுமா இல்ல நேரா ப்ளைவுட் அடிச்சுரட்டுமா"ன்னு கேட்டான். அவன் கேட்ட நேரத்துல எங்க வண்டித் தரையில பாதிய பேத்துப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். அந்தக் கடுப்பு இன்னும் போகல, அதோடயே எழுதுறேன்.

வண்டி உள்ளயே சமைச்சு, தூங்கிக்கிட்டு ஊர் சுத்துற மாதிரி மாத்துன பழைய டெம்போ டிராவலர், 3350 மில்லி வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடு தூரம்). சீட்ட கழட்டி, போல்ட் ஓட்டைய அடைச்சு, துருவத் தேய்ச்சு ரெட் ஆக்சைடு அடிச்சு, தகரம் அதிராம இருக்க ஒட்டுற பியூட்டைல் ரப்பர் ஷீட், 25 மில்லி எக்ஸ்பிஎஸ் போர்டு (தெர்மாகோல் ஜாதிதான், ஆனா கெட்டியான நுரைப் பலகை), 12 மில்லி மரைன் ப்ளை (தண்ணி தாங்குற ப்ளைவுட்), மேல வினைல். எல்லாரும் போடுறதுதான். ஆனா ஒண்ணு சொல்லணும், நிறைய பேரு வெள்ளி கலர் பபிள் ஷீட்ட மட்டும் ப்ளைவுட்டுக்கு அடியில விரிச்சுட்டு இன்சுலேஷன் முடிஞ்சுதுங்கிறாங்க. அந்த வெள்ளிக்கு முன்னாடி காத்து இடைவெளி இருந்தாத்தான் அது அனலத் திருப்பும், தகரத்துக்கும் பலகைக்கும் நடுவுல நசுங்கிக் கிடந்தா வெள்ளியால பிரயோஜனமே இல்ல. எக்ஸ்பிஎஸ் விஷயம் வேற. 25 மில்லி போர்டு தடுக்குற சூட்ட வெறும் ப்ளைவுட்டுலயே தடுக்கணும்னா கிட்டத்தட்ட நாலு இன்ச் கனம் வேணும்.

தரை இன்சுலேஷன்னா பனி கொட்டுற ஊருக்குத்தான்னு நெனைக்கிறாங்க. நம்ம ஊர்ல தரைக்கு அடியில சைலன்சர் ஓடுது, அதுக்கும் கீழ மே மாசத்துத் தார் ரோடு. போர்டு போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ ராமேஸ்வரம் போனோம், பரமக்குடி தாண்டுறப்ப இடது பக்கம் செருப்பில்லாம கால் வைக்க முடியல, பாப்பா சீட்டுலயே கால மடக்கி உக்காந்திருந்தா. இப்ப வண்டிய மரத்தடியில நிறுத்துனா அம்மா தரையிலயே சம்மணம் போட்டு அருவாமனையில வெங்காயம் நறுக்குறாங்க, நாலு பேரும் வட்டமா உக்காந்து தரையில தட்டு வச்சு சாப்புடுறோம், ராத்திரி ஒரு பாய் போதும். வண்டிக்குள்ள வீட்டுத் தரை மாதிரி ஒரு தரை கிடைக்கும்னு நான் எதிர்பாக்கவே இல்ல, இந்த ஒண்ணுக்காகவே போட்ட காசு அத்தனையும் தகும். இரைச்சலும் பாதிக்குப் பாதி கொறஞ்சுது, அது முக்கியமா பியூட்டைல் ஷீட்டோட வேலை. சைலன்சர் போற இடத்துல மட்டும் வண்டிக்கு அடியில கொஞ்சம் இடைவெளி விட்டு அலுமினியத் தகடு கட்டியிருக்கேன், எக்ஸ்பிஎஸ் 75 டிகிரி தாண்டுனா இளக ஆரம்பிச்சுரும்.

இப்ப இந்தத் தரையில கெளம்புன ஒரு சத்தத்துக்கு வர்றேன்.

மூணாவது மாசத்துல ஆரம்பிச்சுது. கதவுப் பக்கம், அடுப்பு மேடைக்கு முன்னாடி, கால் வச்சா கிரீச்னு ஒரு சத்தம். ராத்திரி யாராச்சும் தண்ணி குடிக்க எந்திரிச்சா போதும், பாப்பா முழிச்சுக்குவா. ஓடுறப்ப கேக்காது, நின்னு எல்லாரும் தூங்குறப்பத்தான் கேக்கும். பவுடர் போட்டுப் பாத்தேன், ஸ்க்ரூ கூடுதலா அடிச்சுப் பாத்தேன், ரெண்டு நாள் நிக்கும், மூணாம் நாள் மறுபடி கிரீச். ஒண்ணே முக்கால் வருஷம் அந்த ஒரு இடத்த எல்லாரும் தாண்டித் தாண்டியே நடந்தோம். அம்மாவுக்கு முட்டி வலி வேற, அவங்களையும் தாண்ட வச்சேனேன்னு நெனைச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு.

தண்ணி டேங்க் பைப் ஒழுகுச்சுன்னு போன வாரம் தரையப் பிரிக்க வேண்டியதாயிருச்சு, அப்பத்தான் காரணமே தெரிஞ்சுது. பட்டறைல ப்ளைவுட்டையும் போர்டையும் ஒட்டுறதுக்கு மைக்கா ஒட்டுற மஞ்சள் ரப்பர் பசைய ஊத்தியிருக்காங்க. அதுல இருக்குற சால்வெண்ட் எக்ஸ்பிஎஸ்ஸ அப்படியே கரைச்சுரும், தெர்மாகோல்ல பெட்ரோல் பட்டா என்ன ஆகுமோ அதேதான். உள்ளங்கை அகலத்துக்குக் குழி குழியா கெடக்கு, அந்தக் குழி மேலதான் ப்ளைவுட் ஏறி இறங்கி உரசிட்டு இருந்திருக்கு. போர்டக் கரைக்காத பியூ (பாலியூரித்தேன்) பசைன்னு பேர் சொல்லி, எழுதியும் குடுத்தேன், கூலியும் கேட்டத குடுத்தேன். கைவசம் இருந்தத ஊத்திட்டாங்க. அந்தத் தச்சு வேலை சுத்தம்தான், ஜாயிண்ட்ல ஒரு முடி நுழையாது, அத சொல்லாம விட்டா பாவம். ஆனா பசை விஷயத்துல செஞ்சது எனக்கு ஆறல.

இன்னொண்ணும் இருந்துச்சு. சத்தத்த அடக்க நான் அடிச்ச ஸ்க்ரூ எல்லாம் போர்டத் தாண்டி தகரத்துல இறங்கியிருக்கு, ஒவ்வொண்ணச் சுத்தியும் துரு வளையம். ஜனவரில ஊட்டிகிட்ட தலைகுந்தா பக்கம் ரெண்டு ராத்திரி தங்குனோம், காலைல புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கெடந்துச்சு. உள்ள சமைச்ச ஆவியும் நாலு பேரு மூச்சும் அந்தக் குழி வழியா, ஓட்டை வழியா இறங்கி சில்லுன்னு இருக்குற தகரத்துல பட்டா தண்ணியாத்தான மாறும். இது என் தப்பு, பட்டறைய சொல்ல முடியாது.

அந்தப் பகுதி போர்ட மாத்தி, பியூ பசையில ஒட்டி, மேல மணல் மூட்டை அடுக்கி ஒரு நாள் வச்சிருந்தேன், ஒரு ஸ்க்ரூ கூட இல்ல. நாலு நாளா சத்தம் இல்ல, மூணு மாசம் போனாத்தான் நம்புவேன்.

மாப்ள, இத்தனை நல்லது சொல்லிட்டு இப்படி சொல்றேனேன்னு நெனைக்காத, இன்னைக்கு கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவேன். கனமான ரப்பர் மேட் ஒண்ணு போட்டு ஒரு சீசன் ஓட்டு. இல்ல, போட்டே தீருவேன்னா பசைய நீயே கடையில வாங்கிக் குடு, ஒரு துண்டு போர்டுல தடவி ராத்திரி முழுக்க வச்சுப் பாரு, காலைல குழி விழலன்னா அப்புறமா பட்டறைக்கு எடுத்துட்டுப் போ, ஒட்டுறப்ப பக்கத்துலயே நில்லு.