சப்வூஃபரும் 11.5 அடி அறையும்

மூன்று வாரம் ரிப்பேர் கடையில் கிடந்துவிட்டு, போன வாரம்தான் சப்வூஃபர், அதாவது பேஸ் எனும் தாழ்ந்த சுரங்களுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி, வீடு திரும்பியது. கரண்ட் போய் வந்த ஒரு ராத்திரியில் அதற்குள் இருக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) போர்டு போய்விட்டது. செலவு 4,200 ரூபாய். சரியாக அன்றைக்கென்று பார்த்து நண்பன் ஒருவன், "மாப்ள, உன் மாடல் விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டான். நாலு வருஷக் கதை, போனில் சொல்லித் தீராது. எழுதியே விடுகிறேன்.

10 அங்குல ஸ்பீக்கர், மூடிய பெட்டி. உழைப்பில் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி சன்னமாகக் கேட்டால், சத்தம் இல்லையென்று தானே அணைந்துகொள்ளும் ஆட்டோ சுவிட்ச் தூங்கிப்போய், பாட்டு நடுவே 'டப்' என்று விழிக்கும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஜி.

பேஸ் கித்தாரின் தடித்த கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வருமே, 49 ஹெர்ட்ஸ், அந்தச் சுரம்தான். பேஸ் ஒழுங்காக நடந்து வரும். ஜி வந்ததும் தொம்மென்று வீங்கும், பீரோக் கண்ணாடி நடுங்கும். அடுத்த சுரத்தில் மறுபடி சாது. வால்யூமைக் குறைத்தால் மற்ற சுரங்களும் கூடவே போய்விடும். சோபாவை அறை நடுவுக்கு இழுத்துப் போட்டேன். ஜியே காணாமல் போனது. எழுந்து சுவரோரம் போனால் அங்கே குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வருஷம் பெட்டியைத்தான் திட்டினேன்.

அப்புறம்தான் டேப்பை எடுத்து அளந்தேன். அறை நீளம் 11.5 அடி. 49 ஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 23 அடி, அதில் சரிபாதி. இரண்டு சுவருக்கும் நடுவே அந்த அலை கச்சிதமாகப் பொருந்தி நின்றுவிடுகிறது: சுவரோரம் உச்சம், நடுவில் பள்ளம். பெட்டி மூலையில், சோபா எதிர்ச் சுவரில். இதைவிட மோசமாக வைக்க முடியாது. நடுப்பள்ளத்தை, ஈக்வலைசரில் அந்தச் சுரத்தை மட்டும் ஏற்றித் தூர்க்கவும் முடியாது, ஆம்ப் சூடாவதுதான் மிச்சம்.

எல்லோரும் சொல்லும் வைத்தியத்தையும் செய்தேன். பெட்டியைச் சோபாவில் ஏற்றிவிட்டு, நான் தரையில் சுவரோரமாகத் தவழ்ந்து, எங்கே பேஸ் சமமாகக் கேட்கிறது என்று தேட வேண்டும். இரண்டு மூலை தாண்டியதும் கதவருகே மாமியார் வந்து நின்றார். எழுந்துவிட்டேன்.

போன வாரம் கடைப் பையன் பெட்டியைத் தூக்கி வந்தபோது மூலையில் அரிசி மூட்டை இருந்தது. நீளச் சுவரின் நடுவில், கதவை ஒட்டி இறக்கிவிட்டுப் போய்விட்டான். சோம்பலில் அப்படியே கேபிளைச் சொருகினேன். ஜி வந்தது, போனது. கண்ணாடி அசையவில்லை. எத்தனையோ தடவை கேட்ட பாட்டில், வாசிப்பவர் விரலை இழுத்து அடுத்த சுரத்துக்கு நகர்வது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. நீளத்தின் நடுப்புள்ளிதான் அந்த அலையின் பள்ளம்; அங்கே இருக்கும் பெட்டியால் அதைக் கிளப்பவே முடியாது. மாமியார் வந்து நின்ற அதே இடம்.

ஆண் குரலின் அடிப்பகுதி மட்டும் பக்கவாட்டிலிருந்து வருவதுபோல் இருந்தது. சப்வூஃபர் எதற்குக் கீழே பாட வேண்டும் என்ற எல்லையை, கிராஸ்ஓவரை, 80-இலிருந்து 70 ஹெர்ட்ஸுக்கு இறக்கியதும் சரியானது.

இப்போது கதவு முக்கால்வாசிதான் திறக்கிறது. நேற்று சுண்டுவிரலை இரண்டாவது தடவையாக இடித்துக்கொண்டேன். வீடு துடைக்கும்போதெல்லாம் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அரிசி மூட்டையைத்தான் எடுத்தாயிற்றே, மூலைக்குத் தள்ளுங்கள் என்கிறாள் மனைவி.

மாப்ள, உன் ரூம் 10-க்கு 10 என்றாய் அல்லவா? நீளமும் அகலமும் ஒரே இடத்தில், 56 ஹெர்ட்ஸ் பக்கம், சேர்ந்து இடிக்கும். வாங்காதே. விலை இன்னும் இறங்கினால் எனக்குச் சொல், எதிர்ச் சுவர் நடுவில் வைக்க இன்னொன்று வேண்டும்.