காரகீன் பாசி: பொடி வேண்டாம், பொட்டலத்தைப் பார்த்து வாங்குங்கள்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் வறட்டு இருமலுக்கும் நெஞ்சுச் சளிக்கும் காலங்காலமாகக் காய்ச்சிக் கொடுப்பது காரகீன். பாறையில் ஒட்டி வளரும் சிவப்புக் கடற்பாசி. கோண்ட்ரஸ் கிரிஸ்பஸ் என்பது தாவரவியல் பெயர். அங்கே கடைகளில் உலர்ந்த பாசியாகவும் பொடியாகவும் விற்கிறார்கள். பொடியில் நிறமும் தெரியாது, மணலும் தெரியாது. அதை விட்டுவிடலாம்.

பறிக்கும்போது பாசி கருஞ்சிவப்பாக இருக்கும். புல்தரையில் பரப்பி, மழையும் வெயிலும் மாறி மாறிப் படும்படி வெளுக்க விடுவார்கள். நன்றாக வெளுத்தது வெளிர் மஞ்சளாக, ஆங்காங்கே இளஞ்சிவப்பு ஓடி, மொறுமொறுவென்று இருக்கும். கறுப்பு மாறாமல் இருந்தால் கடல் வாடை பானத்திலும் வரும். பிசுபிசுத்தால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள், வாங்க வேண்டாம்.

சமையல் குறிப்புகளில் வரும் ‘ஒரு கைப்பிடி’ என்ற அளவை மட்டும் நம்பக்கூடாது. பாசி காற்றுப்போல் லேசு. கைக்குக் கை அளவு மாறும். பாலில் காய்ச்சி உறையவைக்கும் கூழுக்கு, 900 மில்லி பாலுக்கு 7 கிராம் போதும். தராசில் நிறுத்துப் போடுங்கள். இரட்டிப்பாகப் போட்டால் கெட்டி ரப்பர்தான் கிடைக்கும், வாயில் உப்பங்காற்று வீசும்! சைனா கிராஸ் பழகியவர்கள் அந்த அளவை இங்கே கொண்டுவர வேண்டாம். அது வெட்டினால் துண்டாக நிற்கும். இது தளதளவென்று ஆடும்.

குளிர்ந்த நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, ஒட்டியிருக்கும் சிப்பித் துணுக்குகளை அலசி எடுங்கள். பாலில் போட்டு, சிறு தீயில் 20 நிமிடம். பொங்கவிட்டால் அடிப்பிடிக்கும். வடிகட்டும்போது கரண்டியால் அழுத்தித் தேய்ப்பதுதான் முக்கியம்: உறையும் கூழில் பெரும்பங்கு பாசியிலேயே ஒட்டியிருக்கும். சொட்டியதை மட்டும் எடுத்தால், ‘உறையவே இல்லை’ என்று கடைக்காரரைத் திட்ட நேரும். சில சொட்டுகளைக் குளிர்ந்த தட்டில் விட்டுப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் உறைய வேண்டும்.

இருமலுக்குப் பாலுக்குப் பதில் தண்ணீர். பால் புரதத்தின் துணை இல்லாததால் கூழ் இளகியே இருக்கும். குடிக்க அதுதான் தோது. எலுமிச்சையும் தேனும் இறக்கிய பிறகே சேர்க்க வேண்டும். புளிப்போடு கொதித்தால் கூழ்த்தன்மை முறிந்து வெறும் நீராகிவிடும்.

வழவழப்பு தொண்டையில் படிந்து எரிச்சலைத் தணிக்கும்; அவ்வளவே அதன் வேலை. காய்ச்சலோ மூச்சிரைப்போ இருந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். இதில் அயோடின் உண்டு. தைராய்டு கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆகாது.

மீதியைக் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். உறைந்திருந்தால் சூடாக்குங்கள், மறுபடி இளகிவிடும்.