கொழும்பில் ஐந்து வருட லோ-கோட் தொழில்: எந்தக் கருவி நின்றது, எது போனது

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது நான் ஒரு கம்பெனியில் வெப் புரோகிராமராக இருந்தேன். அந்த நாட்களில் புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் தெரிந்த முதலாளி ஒருவர் கோல் எடுத்தார். "தம்பி, கடை பூட்டு. ஆனா ஓடர் எல்லாம் வட்ஸ்அப்பில வந்து குவியுது. எது குடுத்தது, எது குடுக்காதது எண்டு எனக்கே தெரியேல்ல" என்றார். மூன்று இரவு உட்கார்ந்து, கூகுள் ஷீட்டுக்கு மேல் ஆப்ஷீட் என்ற கருவியில் ஓடர் எடுக்கும் ஆப் ஒன்றைச் செய்து கொடுத்தேன். இப்படிக் கோட் அதிகம் எழுதாமல், திரையிலேயே பொருத்தி ஆப் செய்வதைத்தான் லோ-கோட் என்கிறார்கள். கோட் எழுதியிருந்தால் இரண்டு மாதம் போயிருக்கும். அந்த வருடக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு வெள்ளவத்தையில் ஒரு மேல்மாடி அறையை வாடகைக்கு எடுத்தேன். இப்போது நான்கு பேர் இருக்கிறோம்.

"எந்தக் கருவி நல்லது?" என்று புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எதில் வேகமாகச் செய்யலாம், எதில் அழகாக வரும் என்று பார்த்தேன். இன்று முதலில் பார்ப்பது வேறு: இதிலிருந்து எப்படி வெளியே வருவது, இதன் பில் எதை எண்ணி வருகிறது. இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் எந்தக் கருவியையும் வாடிக்கையாளரிடம் கொண்டுபோவதில்லை.

ஆப்ஷீட்டை இன்றும் வைத்திருக்கிறோம். கூகுள் அதை 2020 ஜனவரியில் வாங்கியது. லொறியில் சாமான் கொண்டுபோகிறவர்களுக்கு அதைப் போல ஒத்துவருவது வேறு இல்லை என்பது என் கருத்து. நுவரெலியாப் பாதையில் சிக்னல் இல்லாமல் போனாலும் ஓடர் ஃபோனிலேயே பதிவாகி, சிக்னல் வந்ததும் மேலே போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அது ஆளுக்கு இத்தனை டொலர் என்று எண்ணுகிறது: ஸ்டார்ட்டர் என்றால் மாதம் 5, கோர் என்றால் 10. பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கு அது தாங்கும். அதே கடை தன் இருநூறு சில்லறைக் கடைக்காரர்களுக்கும் லொகின் கொடுக்க நினைத்தால் கணக்குச் சரிவராது. கருவியில் குறை இல்லை, அது ஊழியர்களுக்காகச் செய்யப்பட்டது. அந்த வித்தியாசம் புரிய எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

அப்புறம் 2022 வந்தது, கூடவே பொருளாதார நெருக்கடியும். மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவுக்குக் கிட்ட இருந்தது, மே மாதம் 360 ஆனது. நாங்கள் வாடிக்கையாளரோடு போட்ட ஒப்பந்தம் எல்லாம் ரூபாவில், கருவிகளுக்குக் கட்டுவது எல்லாம் டொலரில். 100 டொலர் சந்தா 20,000 ரூபாவிலிருந்து 36,000 ரூபாவுக்குப் போனது. ஏழு வாடிக்கையாளருக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று ஏற்கனவே விலை சொல்லியிருந்தோம். கூட்டிக் கேட்க மனம் வரவில்லை, அவர்களும் அதே வெயிலில்தான் நின்றார்கள். நான்கு மாதம் என் சம்பளத்தை நான் எடுக்கவில்லை.

அந்த மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு. பெரும்பாலான லோ-கோட் கருவிகள் பிரவுசருக்குள்தான் திறக்கும். கோட் எழுதுகிறவர் லெப்டொப் பற்றரி இருக்கும்வரை வேலை செய்யலாம், எங்களுக்கு ரவுட்டர் நின்றால் எல்லாம் நின்றது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ரவுட்டருக்கென்று ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வைத்தோம். அது இன்னும் மேசைக்குக் கீழே இருக்கிறது.

அந்த வருடத்துக்குப் பிறகு ஒப்பந்தத்தில் இரண்டு வரி வைத்தோம். கருவிக் கட்டணம் எங்கள் கூலியில் சேராது, அதை வாடிக்கையாளர் தன் கடனட்டையில் நேராகக் கட்டுவார். கணக்கு அவருடைய மின்னஞ்சலில் திறக்கப்படும். இரண்டாவது வரிக்கு வேறொரு காரணமும் உண்டு. எங்களோடு இருந்த பொடியன் ஒருவர் கனடாவுக்குப் போனபோது, ஐந்து வாடிக்கையாளரின் லொகின் குறியீடு எல்லாம் அவருடைய பழைய சிம்முக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் நல்லவர், ஒவ்வொரு முறையும் நடுச்சாமத்தில் எழும்பி எடுத்து அனுப்பினார். அப்படி ஒருவருடைய நல்ல குணத்தை நம்பி ஒரு கடையின் கணக்கை வைத்திருப்பது பிழை.

இனி பில் எதை எண்ணுகிறது என்ற விஷயம். ஒரு மென்பொருளில் நடப்பதை இன்னொன்றுக்குத் தானாகக் கொண்டுபோகும் ஒரு இணைப்புச் சேவையில், வாடிக்கையாளரின் தளத்தில் புது ஓடர் வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு நிமிடமும் பார்க்கும்படி வைத்திருந்தேன். மாதத்துக்கு 10,000 செயல்களுக்குக் காசு கட்டியிருந்தோம். ஓடர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒருமுறை எட்டிப் பார்ப்பதும் ஒரு செயல்தான். ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். ஏழாம் நாள் எல்லாம் நின்றுபோனது. வெள்ளிக்கிழமை பின்னேரம் தொடங்கி ஞாயிறு வரை வந்த ஓடர்கள் யாருக்கும் போகவில்லை. சேவை செய்ய வேண்டியதைச் சரியாகத்தான் செய்தது. எண்ணிப் பார்க்காமல் விட்டது நான். ஓடர் வரும்போது அந்தத் தளமே நம்மைக் கூப்பிடும்படி வெப்ஹூக் போட்டிருந்தால், நாளுக்கு முப்பது செயலோடு முடிந்திருக்கும்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். ஒரு பில்லில் 40 சாமான், ஒவ்வொன்றுக்கும் மூன்று வேலை: கையிருப்பைப் பார், கழி, பதிவு செய். ஒவ்வொரு படியையும் எண்ணும் சேவையில் அது 120. என்8என் (n8n) என்ற இணைப்புக் கருவியின் கிளவுட்டில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஓட்டம், ஒன்று என்றுதான் எண்ணும். சொந்த சர்வரில் நிறுவினால் எண்ணிக்கையே இல்லை. அதனால்தான் இன்று எங்கள் இணைப்பு வேலைகளில் பெரும்பகுதி என்8என்னில் இருக்கிறது. ஆனால் அதன் உரிமத்தை வாசித்துவிட்டு இறங்குங்கள். ஒரு நிறுவனம் தன் உள்வேலைக்கு இலவசமாக ஓட்டலாம், அவர்களுக்கு நாம் நிறுவிக் கொடுத்துக் கூலி வாங்கலாம். நம் சர்வரில் ஓட்டி, பல பேருக்கு மாதவாடகைக்கு விடுவது கூடாது. எங்களைப் போன்ற சின்ன நிறுவனங்கள் முதலில் செய்ய நினைப்பது அதைத்தான்.

தமிழ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கருவி ஒப்பீடுகளில் இதை யாரும் எழுதுவதில்லை, எங்களுக்கோ அதிக நாள் தின்றது இதுதான். பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நானா ஒருவருக்கு பில் போடும் முறை செய்தோம். திரையில் மூன்று மொழியும் கண்ணாடி மாதிரி தெரிந்தது. முதல் பில் பிரிண்ட் ஆகி வந்தது. நானா மூக்குக்கண்ணாடியைப் போட்டு, தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து, முகவரியில் விரலை வைத்தார். "கொழும்பு" என்ற சொல்லில் கொம்பு முன்னால் வராமல் ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. "இது நம்ம ஊர் பேர் இல்லையே தம்பி" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் இதுதான். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் "கொ" என்பது இரண்டே குறிகள்: முதலில் க, அடுத்து ஒகரக் குறி. வரையும்போது அந்த ஒகரக் குறி பிரிந்து, கொம்பு எழுத்துக்கு முன்னும் கால் பின்னும் போக வேண்டும். பிரவுசர் இதைச் சரியாகச் செய்கிறது. பிடிஎஃப் ஆக்கும் பல சின்ன பிளகின்கள் (கருவியோடு சேர்க்கும் துணை மென்பொருள்கள்) இந்த வேலையைச் செய்வதே இல்லை, குறிகளை வந்த வரிசையிலேயே போட்டுவிடும். சிங்களத்துக்கும் இதே கதி. கடைசியில் பிளகின்களை விட்டுவிட்டு, பில்லை முதலில் எச்டிஎம்எல் பக்கமாக, அதாவது வெப் பக்கமாக ஆக்கி, கோட்டன்பர்க் என்ற திறமூல மென்பொருளுக்கு அனுப்பினோம். அதற்குள் குரோமியம் பிரவுசர் இருப்பதால் எழுத்து ஒழுங்காக அமையும். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் சிங்களம் எழுத்துருக்களை அந்த சர்வரிலேயே நிறுவினோம், தமிழ், சிங்கள எழுத்துரு எதுவுமே இல்லாத சர்வரில் வெறும் கட்டங்கள்தான் வரும். இன்று எந்தப் புதுக் கருவியைப் பார்த்தாலும் முதல் பதினைந்து நிமிடத்தில் "கொழும்பு", "யாழ்ப்பாணம்", "ஸ்ரீ" மூன்றையும் ஒரு பிடிஎஃப்பில் எடுத்துப் பார்க்கிறோம்.

கொடுப்பனவும் அப்படித்தான். வெளிநாட்டுப் பாடங்கள் எல்லாம் ஒன்லைனில் காசு வாங்கும் சேவையான ஸ்ட்ரைப்பை வைத்துத் தொடங்கும், இலங்கை நிறுவனத்துக்கு அது கிடைக்காது. நாங்கள் பேஹியர் என்ற இலங்கைச் சேவையை இணைக்கிறோம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வாங்குபவரின் திரை "நன்றி" பக்கத்துக்கு வந்துவிட்டது என்பதற்காக ஓடரைக் காசு கட்டியதாகக் குறிக்காதீர்கள். பேஹியர் நம் சர்வருக்குத் தனியாக அனுப்பும் அறிவித்தலில் நிலை 2 (காசு கிடைத்தது) இருக்கிறதா, கையொப்பம் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே குறிக்க வேண்டும். வணிகரின் இரகசியச் சாவி பிரவுசர் பக்கம் வரவே கூடாது. திரையில் இழுத்துப் பொருத்தும் கருவிகளில் இந்தப் பிழையை விடுவது மிக இலகு.

வெளியேறும் வழிக்கு வருகிறேன். பெரிய பெயர் என்பது காப்பு இல்லை. கூகுளின் லோ-கோட் கருவியான ஆப் மேக்கர் 2021 ஜனவரியில் மூடப்பட்டது. அமேசானின் அதே வகைக் கருவி ஹனிகோட் 2020இல் வந்து 2024 பெப்ரவரியில் போனது. அதனால் ஒவ்வொரு கருவியிடமும் இரண்டு கேள்வி கேட்கிறோம்: தரவு எங்கே இருக்கிறது, செய்த வேலையை எந்த வடிவத்தில் எடுத்துப்போகலாம். வெப் ஆப் செய்யும் பபுளில் தரவை சிஎஸ்வியாக (வெறும் அட்டவணைக் கோப்பாக) எடுக்கலாம், செய்த ஆப்பைக் கோடாக எடுக்க முடியாது. ஒரு யோசனை சந்தையில் ஓடுமா என்று பார்க்க வருகிறவருக்கு இன்றும் அதைத்தான் பரிந்துரைக்கிறேன், இதை முதல் நாளே சொல்லிவிட்டு. ஃபோன் ஆப் செய்யும் ஃபிளட்டர்ஃபுளோவில் காசு கட்டும் திட்டங்களில், செய்த ஆப்பை ஃபிளட்டர் கோடாக வெளியே எடுக்கலாம். எடுத்துக் கையால் திருத்திவிட்டால் அதைத் திரும்ப உள்ளே கொண்டுபோக முடியாது, அது ஒருவழிப் பாதை.

தரவைப் பொறுத்தவரை மூன்று வருடமாக ஒரே முடிவில் நிற்கிறோம். முன்பக்கம், அதாவது ஆட்கள் பார்க்கும் திரை, எதுவாக இருந்தாலும் தரவு போஸ்கிரஸ் என்ற திறமூலத் தரவுத்தளத்தில் இருக்க வேண்டும், பெரும்பாலும் அதை நடத்தித் தரும் சுபாபேஸ் சேவை வழியாக. இலவசத் திட்டத்தில் ஒரு கிழமை யாரும் தொடாவிட்டால் அது உறங்கிவிடும் என்பதால் உண்மையான கடைக்கு மாதம் 25 டொலர் திட்டம். அப்படி வைத்தபின் முன்பக்கத்தை மாற்றுவது வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது போல ஆகிவிட்டது, அத்திவாரத்தைக் கிளற வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, வாடிக்கையாளரின் வக்கீல்களே தரவு எந்த நாட்டு சர்வரில் என்று கேட்கிறார்கள். பதிலை ஒரு வரியில் சொல்ல முடிவதும் இதனால்தான்.

இந்த வருடம் ஐந்தாம் குறுக்குத் தெரு முதலாளியின் ஆப்பையும் மாற்றினோம், சில்லறைக் கடைக்காரர்களுக்கும் லொகின் வேண்டும் என்று கேட்டார். ஷீட்டிலிருந்து போஸ்கிரஸுக்குத் தரவை நகர்த்தியது ஒரு பின்னேர வேலை. அதற்கு முன் சாமான் பெயர்களைச் சுத்தம் செய்யப் பதினொரு நாள் போனது. கொத்தமல்லி மட்டும் ஏழு விதமாக எழுதப்பட்டிருந்தது. மல்லி, கொத்தமல்லி, கொத்மல்லி, மூன்று விதமாய் ஆங்கில எழுத்தில், ஒன்று யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்து ஷீட்டில் புரியாத ஆங்கில எழுத்துகளாய். அவருடைய கணக்குப்பிள்ளை ஐயா கடன் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்து, ஒவ்வொன்றாய், "இது இதுதான் பிள்ளை, போடுங்கோ" என்று எங்களோடு வேலை செய்யும் தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுத்தார். 2,300 பெயர் 1,460 ஆனது.